வளையத்தில் சிக்கிய மணல்

பெரும்புயலுக்கு அசையாத மரம் செல்லரித்துச் சாய்வதைக் கண்டிருக்கிறோம். பெரிய சோதனைகளை நெஞ்சுரத்தோடு தாங்கியவர்கள், அற்பம் என்று தாங்களே ஒதுக்கிய விஷயங்களில் தடுக்கி விழுவதையும் கண்டிருக்கிறோம். இஃது ஏன் என்னும் கேள்வி பழமையானது. அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிவாசலில் ஒளுச் செய்யும் இடத்தில், ஒரு கைக்கடிகாரத்தின் வாயிலாக அக்கேள்வி என்முன் மீண்டும் வந்து நின்றது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம்வரை இன்று வரிசையாகத் தொழிற்கூடங்கள் நிற்கின்றன. ஏரிகளும் வயல்களுமாய் இருந்த இந்நிலத்தில் 1996-இல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் காலூன்றியது. 2006-இல் இயங்கத் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014-இல் மூடப்பட்டது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை எழுந்தது. வந்தவையும் போனவையுமாகிய இந்த ஆலைகளை நம்பி, தென்மாவட்டங்களிலிருந்து வந்த பல்லாயிரம் இளைஞர்கள் இங்கே சிறு சிறு அறைகளில் நால்வர் ஐவராய்த் தங்கி வாழ்கிறார்கள். நான் சொல்லப்போகும் தம்பியும் அவர்களில் ஒருவர். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையூரைச் சேர்ந்தவர். ஒரகடத்தை அடுத்த ஓர் உதிரிபாகத் தொழிற்கூடத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் பணி.

அன்று அவர் ஒளுச் செய்வதற்காகக் கடிகாரத்தைக் கழற்றினார். கனத்த எஃகுக் கடிகாரம். கடலில் முக்குளிப்போர் அணிவது. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த அவருடைய காக்கா கொடுத்ததாம். நம் குடும்பங்களில் சபராளி கொண்டுவரும் கடிகாரம் வெறும் கடிகாரமன்று. பெட்டியைத் திறக்கும்போது வீடே சுற்றி நிற்கும். யாருக்கு எது என்று உம்மா தீர்ப்புச் சொல்வார். கட்டிக்கொண்டவனுக்கு அன்றைக்கே வயது இரண்டு கூடிவிடும்.

"மாமா, இதில் 200 மீட்டர் என்று போட்டிருக்கிறது. ஆனால் ஒரு நாள் கோவளம் கடற்கரைக்குப் போய் வந்தேன்; அதன்பிறகு இந்த வளையம் திரும்ப மாட்டேன் என்கிறது. திருப்பினால் நறநறவென்கிறது. 200 மீட்டர் ஆழம் தாங்கும் கடிகாரத்துக்குக் கரையில் இருந்த மணலைத் தாங்க முடியாதா?" என்று கேட்டார்.

வாங்கிப் பார்த்தேன். கண்ணாடியைச் சுற்றியிருந்த வளையத்தின் அடியில் மணல் புகுந்திருந்தது. கண்ணாடியிலும் எஃகிலும் மெல்லிய கீறல்கள். மணல் ஒட்டியிருந்தபோதெல்லாம் சட்டை நுனியால் அழுத்தித் துடைத்ததாகச் சொன்னார். கீறியது கடற்கரையன்று, அவருடைய துடைப்பே என்றேன். பிறகு எனக்குத் தெரிந்த அளவில் அந்தக் கடிகாரத்தின் இயல்பைச் சொன்னேன். வாசகர்களுக்கும் அதைச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் இக்கட்டுரையின் விஷயமே அதற்குள்தான் இருக்கிறது.

நீர் புகாத கைக்கடிகாரத்தை உருவாக்க மனிதன் நெடுநாள் உழைத்தான். 1926-இல் ரோலக்ஸ் நிறுவனம் நீர் புகாத உறையோடு ஒரு கடிகாரத்தை வெளியிட்டது. 1953-இல் பிளாங்பெய்ன் நிறுவனம் முக்குளிப்போருக்கென்றே ஒரு கடிகாரம் செய்தது. 1965-இல் ஜப்பானின் செய்கோ நிறுவனமும் அவ்வகையில் தன் முதற்கடிகாரத்தைக் கொணர்ந்தது. 200 மீட்டர் ஆழம் என்றால் என்ன? அங்கே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீதும் ஏறத்தாழ 20 கிலோகிராம் எடை ஏறி நிற்பது போன்ற அழுத்தம். அதைத் தாங்கத் தடித்த கண்ணாடி, மறையிட்டு இறுக்கும் மூடி, மறையிட்டு அடைக்கும் சாவிக்குமிழ், மூட்டுகள்தோறும் ரப்பர் வளையம். இத்தனை காவலும் நீருக்கு எதிராக. அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக வரும் பகை. அதற்கு எதிராகச் சுவர் எழுப்பிவிடலாம்.

மணல் அப்படிப்பட்டதன்று. அஃது உள்ளே பாய்வதில்லை, வெளியே தங்குகிறது. அசையும் உறுப்பு எங்கே இருக்கிறதோ அந்த இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கடற்கரை மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் படிகக்கல். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7 என்னும் இடம். சாதாரணக் கண்ணாடியும் கடிகார எஃகும் அதற்குக் கீழே நிற்பவை. ஆகவே கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளை வைத்துக்கொண்டு உலர்ந்த துணியால் தேய்த்தால், தேய்ப்பவன் தன் கையாலேயே கீறுகிறான். விலை உயர்ந்த கடிகாரங்களில் பதிக்கும் நீலக்கல் கண்ணாடி மட்டும் அந்த அளவுகோலில் 9-ஆம் இடத்தில் இருப்பதால் மணலுக்கு அசைந்து கொடுப்பதில்லை.

இதற்கு மருந்து என்ன? முதலில் சாவிக்குமிழ் நன்றாகத் திருகி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் சற்றுநேரம் ஊறவைக்க வேண்டும். உப்புநீர் உதவாது; அது காய்ந்தால் உப்பு தங்கி இன்னொரு மணலாகிவிடும். பிறகு ஓடும் நீருக்கடியில் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் வருடி, வளையத்தை வலுவந்தம் செய்யாமல் சிறிது சிறிதாகச் சுழற்ற வேண்டும். துடைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. முதலில் நனை, பிறகு நகர்த்து, அதன்பிறகே துடை: இவ்வளவுதான் சூத்திரம்.

தம்பி கேட்டுக்கொண்டு போனார். நான் அன்று முழுவதும் ஒளுவைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தேன். மார்க்கம் நம்மை அழுக்குப் பெருகும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. கண்ணுக்கு அழுக்குத் தெரியாத கையையும் முகத்தையும் வேளைதோறும் கழுவச் சொல்கிறது. விரலில் மோதிரம் இறுக்கமாக இருந்தால் அதை அசைத்து அடியிலும் நீர் படச் செய்ய வேண்டும் என்று நம் ஃபிக்ஹு நூல்கள் வற்புறுத்துகின்றன. மோதிரத்தின் அடியில் மறைந்திருக்கும் ஒரு நூலளவு தோலை யார் பார்க்கப் போகிறார்கள்? யாரும் பாரா இடம் என்பதாலேயே அதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது போலும்!

மணலை இங்கே நான் இழித்துரைப்பதாக எவரும் கருதிவிட வேண்டாம். நீர் கிடைக்காதபோது தயம்மும் செய்ய அல்லாஹ் நமக்கு மண்ணையே தூய்மைப் பொருளாக ஆக்கித் தந்திருக்கிறான். புழுதியுள்ள மண் வேண்டும் என்பர் ஷாஃபி மத்ஹபினர். மணலும் கல்லும் போதும் என்பர் ஹனஃபி மத்ஹபினர். எப்படியாயினும் அழுக்கென்று நாம் உதறும் ஒன்றே அங்கே தூய்மையின் கருவியாகிறது. அதுமட்டுமா? 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் செயின்ட் கோபெய்ன் ஆலையில் தகடு தகடாக வெளிவரும் கண்ணாடிக்கு மூலப்பொருள் மணலே. நம்மில் பலர் கட்டியிருக்கும் மின்கலக் கடிகாரத்தின் உள்ளே நொடிக்கு 32,768 முறை அதிர்ந்து காலத்தை அளப்பதும் குவார்ட்ஸ் படிகமே. வெளியே கீறும் பொருளின் இனமே உள்ளே நாடியாய்த் துடிக்கிறது.

அப்படியானால் குற்றம் மணலில் இல்லை. அஃது இருக்கும் இடத்தில் இருக்கிறது. 'ழுல்ம்' என்னும் சொல்லுக்கு அரபு மொழி அறிஞர்கள் கூறும் பொருள் நாம் அறிந்ததே: ஒன்றை அதற்கு உரியதல்லாத இடத்தில் வைத்தல். அநீதி என்பதற்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் கிடைப்பது அரிது. ஓய்வு நல்லது, காவலிருக்கும் நேரத்தில் அதுவே துரோகம். எழுதுகோல் நல்லது, பாராததைப் பார்த்ததாக எழுதும்போது அதுவே பொய்சாட்சி.

இந்தக் கடைசி உவமையை நான் தேடிப் பிடிக்கவில்லை. அது தானே என்னைத் தேடி வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தத் தம்பி வந்தார். வளையம் 'டிக் டிக்' என்று சுத்தமாகச் சுழன்றது. ஆனால் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. தொழுகை முடிந்து கூட்டம் கலைந்தபின் மெல்லச் சொன்னார். அவருடைய தொழிற்கூடத்தில் வாகனத்தின் பிரேக்கோடு சேரும் ஓர் உறுப்பைச் செய்கிறார்கள். மணிக்கு ஐந்து உறுப்புகளை எடுத்து அளந்து, அளவைத் தாளில் குறிக்க வேண்டியது அவர் வேலை. திங்களன்று இரவு ஷிப்டின் கடைசி மணிநேரத்தில் கண் சொருகியது. எண்ணிக்கையை முடிக்க வேண்டிய நெருக்கடி வேறு. முந்திய மணிநேரத்து எண்களையே சற்று மாற்றி, அளக்காமல் எழுதிவிட்டார். உடன் வேலை செய்பவரிடம் சொன்னபோது, "எல்லோரும் செய்கிறதுதான். மெஷின் ஒரே மாதிரி ஓடுகிறது. அளவு எங்கே போய்விடும்?" என்றாராம். பெட்டிகள் இன்னும் கிடங்கில்தான் இருக்கின்றன. சொன்னால் வேலை போகலாம். வாப்பா இல்லாத வீடு. தங்கைக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். "இதைச் சொல்ல வேண்டுமா மாமா? அல்லாஹ்விடம் தவ்பாச் செய்தால் போதாதா?"

நான் உடனே விடை சொல்லவில்லை. போகக்கூடியது என் சம்பளம் அன்று. பிறர் பசியைப் பணயம் வைத்து நீதி சொல்வது எளிது. அதனாலேயே அஞ்ச வேண்டியதும் ஆகும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யா உலூமித்தீனில், தவ்பாவைப் பற்றிய பகுதியில், சிறு பாவங்கள் எவ்வாறு பெரியனவாகின்றன என்று ஆராய்கிறார்கள். விடாது செய்வதால் ஆகின்றன. அற்பமென்று எண்ணுவதாலும் ஆகின்றன. இதை எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். பெரும்பாவம் அழுத்தம் போன்றது. அது வருவது தெரிகிறது. நம் உள்ளமும் இறுகி நின்று தடுக்கிறது. திருடச் சொன்னால் அந்தத் தம்பி திருடியிருப்பாரா? மாட்டார். மது அருந்தச் சொன்னால்? கேட்டவனோடு பேசவும் மாட்டார். 200 மீட்டர் ஆழத்தைத் தாங்கும் உள்ளம் அது. ஆனால் தாளில் ஐந்து எண்கள்! அது பாவத்தின் வடிவத்தில் வரவில்லை. களைப்பின் வடிவத்தில் வந்தது. 'எல்லோரும் செய்கிறதுதான்' என்னும் சொல்லோடு வந்து இடுக்கில் அமர்ந்தது.

இதற்கு நேர் எதிரான பிழையும் ஒன்று உண்டு. சிலர் கீறல் பயத்தால் அந்தக் கடிகாரத்தைக் கடற்கரைக்கே கொண்டுபோவதில்லை. பீரோவில் பூட்டி வைப்பார்கள். கடலுக்கென்று செய்த கடிகாரத்தைக் கடலுக்கு மறைப்பது என்ன பேணுதல்? அதுபோலவே, கறை படுமோ என்று அஞ்சித் தொழிலையும் சந்தையையும் மனிதரையும் விட்டு ஒதுங்குவது தக்வா ஆகிவிடாது. ஒளுவில் மூன்று முறை கழுவியபின்னும் கழுவிக்கொண்டே இருப்பவனை வஸ்வாஸ் பிடித்தவன் என்றே நம் பெரியோர் சொன்னார்கள். கடலுக்குப் போக வேண்டும். போய் வந்தால் கழுவ வேண்டும். இரண்டும் சேர்ந்ததே வாழ்க்கை.

கழுவுவதிலும் ஒரு முறை உண்டு. ஒருவர் தவறு கண்டவுடன் நால்வர் நடுவே நிறுத்தி வைவது உலர்ந்த துணியால் தேய்ப்பதற்கு ஒப்பாகும். தவறு போகாது, கீறல் தங்கும். பிள்ளைகளிடமும், மருமகளிடமும், நம்மிடம் வேலை செய்பவரிடமும் நாம் செய்வது பெரும்பாலும் அதுதானே? முதலில் நனைக்க வேண்டும். அன்புடன் கேட்பது, தனியே பேசுவது, பொறுத்துக் கேட்பது, இவையே அந்த நல்ல தண்ணீர்.

ஆயினும் நனைப்பதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. வளையத்தின் மேலே கிடக்கும் மணல் நீர் ஊற்றினாலே போய்விடும். அடியில் புகுந்த மணல் வளையத்தைச் சுழற்றினால்தான் வெளிவரும். தவ்பாவிலும் இந்த வேறுபாடு உண்டு. அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே உள்ள பிழையை அவனிடமே முறையிட்டுத் திருந்தலாம். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய வேண்டியதில்லை, மறைத்துக்கொள்வதே ஒழுக்கம். ஆனால் பிறர் உரிமை கலந்த பிழையில், அந்த உரிமையைத் திருப்பிச் சேர்க்காமல் தவ்பா நிறைவு பெறாது. அளக்காத அந்த உறுப்பு எந்த வண்டியில் பொருந்தும், அதில் எந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள் என்று யாருக்குத் தெரியும்? அவர்கள் பெயர் தெரியாதவர்கள். ஆனால் உரிமை உடையவர்கள்.

ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான ஒரு நிகழ்ச்சியைத் தம்பிக்கு நினைவூட்டினேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கண்டு அதனுள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் விற்பவர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுவதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். மழை பெய்தது விற்பவரின் குற்றமன்று. ஈரத்தை அடியில் வைத்ததே குற்றம். தூக்கம் வந்தது தம்பியின் குற்றமன்று. அதை எண்களால் மூடியதே குற்றம்.

முக்குளிப்போர் கடிகாரத்தின் வளையத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. அந்த வளையம் ஒரே திசையில்தான் சுழலும். நீரில் இறங்கும்போது அதன் குறியை நிமிட முள்ளுக்கு நேராக வைத்துக்கொள்வார்கள். எத்தனை நிமிடம் ஆயிற்று என்பது அதனால் தெரியும். பாறையில் இடித்து வளையம் தற்செயலாக நகர்ந்தாலும், கழிந்த நேரம் உள்ளதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும். ஒருநாளும் குறைவாகக் காட்டாது. அதனால் மனிதன் சற்று முன்னதாகவே மேலே வருவான். மூச்சுக்காற்றுத் தீர்ந்தபின் வரமாட்டான். பிழை நேர்ந்தாலும் அது காப்பாற்றும் பக்கமாகவே நேரட்டும் என்பது அதன் அமைப்பு. ஐயத்துக்குரியதை விட்டு விலகுவதை மார்க்கத்தில் 'வரஉ' என்றும் பேணுதல் என்றும் சொல்கிறோம். அதுவும் இதே அமைப்புத்தான். அளக்காததை 'நன்றாக இருக்கும்' என்று கொள்வது ஒரு திசை; 'பழுதாக இருக்கலாம்' என்று கொள்வது மறுதிசை. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் நம் மனவளையம் இரண்டாவது திசையில் மட்டுமே சுழல வேண்டும்.

"எல்லோரிடமும் சொல்ல வேண்டாம் தம்பி. அந்தப் பெட்டியை நிறுத்தி வைக்க யாருக்கு அதிகாரம் இருக்கிறதோ அவரிடம் மட்டும் சொல்லுங்க. இன்றைக்கே சொல்லுங்க, பெட்டி ஏறிவிட்டால் உங்கள் கையை விட்டுப் போய்விடும்," என்றேன். அவர் சற்று நேரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சலாம் சொல்லி எழுந்து போனார். அந்த இரண்டு நாட்கள் எனக்கும் உறக்கம் சரியாக இல்லை.

ஞாயிறன்று அவரே வந்தார். மேற்பார்வையாளர் முதலில் கடிந்துகொண்டாராம். பிறகு பெட்டியை இறக்கி அளக்கச் சொன்னாராம். அளந்தவை எல்லாம் அளவுக்குள்ளேயே இருந்தன. தம்பிக்கு எழுத்து மூலம் ஓர் எச்சரிக்கை கிடைத்தது, வேலை போகவில்லை. "அளவு சரியாகத்தானே இருந்தது, சொல்லாமலே இருந்திருக்கலாமே என்று அறையில் எல்லோரும் சிரிக்கிறார்கள் மாமா," என்றார்.

இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். அளவு சரியாக இருந்தது உண்மை. ஆனால் அவர் எழுதிய எண், அவர் அளந்த எண் அன்று. மெய்யோடு தற்செயலாக ஒத்துப்போனதால் பொய் மெய்யாகிவிடாது. கண்ணை மூடிக்கொண்டு சாலையைக் கடந்தவன் உயிரோடு மறுகரை சேர்ந்துவிட்டான் என்பதற்காக, அவன் பார்த்துக் கடந்தான் என்று யாரும் சொல்வோமா? அமானிதம் என்பது விளைவைப் பொறுத்ததன்று. ஒப்படைத்ததைச் செய்தோமா என்பதைப் பொறுத்தது. அந்தத் தாளில் அவர் பெயரின் கீழே இருந்தது எண் மட்டுமன்று, 'நான் பார்த்தேன்' என்னும் சாட்சி.

நீதிக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். களைத்த கண்ணோடு கடைசி மணிநேரத்தில் அளக்கவும் எண்ணிக்கையை முடிக்கவும் ஒருவனையே நிறுத்துகிறவர்கள், அவன் எழுதும் பொய்யில் தங்களுக்குப் பங்கில்லை என்று சொல்லிவிட முடியாது. மணலை வளையத்தருகே கொட்டிவிட்டு, வளையம் சுழலவில்லையே என்று கேட்பது நியாயமன்று. உண்மையைச் சொன்னவனுக்கு வேலை நிலைக்கும் என்னும் நம்பிக்கை இருக்கும் இடத்தில்தான் உண்மை சொல்லப்படும். அந்த மேற்பார்வையாளர் கடிந்தபின்னும் அளக்கச் சொன்னாரே, அந்த அளவில் அவர் நன்றிக்குரியவர்.

வாகன ஆலைகளில் வண்டிக்கு வண்ணம் பூசும் கூடத்தை அறிந்தவர்கள் சொல்வார்கள்: உள்ளே போகிறவர் நூல் உதிராத உடை அணிய வேண்டும், காற்று வீசித் தூசியைப் போக்கிக்கொள்ள வேண்டும், ஒரு தூசி படிந்தாலும் வண்ணத்தில் அது பருவாய்த் தெரியும். வண்டிகளைப் பூட்டி இணைக்கும் வரிசைகளிலும் கடிகாரம், மோதிரம், இடைவாரின் கொக்கி ஆகியவற்றைக் கழற்றவோ மூடவோ சொல்வார்கள். அவை பட்டு வண்ணம் கீறிவிடும் என்பதற்காக. ஓர் இரும்புக் கூட்டின் பளபளப்புக்கு இத்தனை பேணுதல் செய்யும் நாம், படைத்தவன் நம்மிடம் ஒப்படைத்த உள்ளத்துக்கு என்ன செய்கிறோம்?

காலத்தின் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் ஸூரத்துல் அஸ்ரு மூன்றே வசனங்கள் கொண்டது. மனிதனின் நஷ்டத்தையும், அதிலிருந்து தப்புவோரின் இயல்பையும் அது கூறுகிறது. காலத்தைக் காட்டும் கருவியைக் கையில் கட்டியிருப்பவர்கள் வேளைதோறும் அதைக் கழற்றிக் கைகழுவுகிறோம். கழற்றும் அந்தக் கணத்தில் வளையத்தை ஒருமுறை மெல்லச் சுழற்றிப் பார்த்தால் என்ன? நறநறவென்றால் அங்கே ஒரு துகள் இருக்கிறது என்று பொருள். கோபத்தோடு தேய்க்க வேண்டாம். அற்பமென்று விட்டுவிடவும் வேண்டாம். நீர் அருகிலேயே இருக்கிறது.

கறை படாத வாழ்வை நாம் கேட்க இயலாது. கறையை அறியும் கண்ணையும், காய்ந்து ஒட்டுமுன் கழுவும் தவ்பாவையும், பிறர் உரிமையைத் திருப்பிச் சேர்க்கும் துணிவையும் கேட்கலாம். வல்ல அல்லாஹ் அவற்றை நமக்கும், ஊரை விட்டு வந்து அந்நிய அறைகளில் உறங்கும் நம் பிள்ளைகளுக்கும் அருள்வானாக. ஆமீன்.